விழுங்கிய பிழை

நான் எழுதிய மூன்று வரி நிரலால் ஒரு வயதான அம்மாவுக்கு அவர் ஊரில் 'தண்ணிப் பால் ஊத்தறவங்க' என்று பேர் வந்தது. அந்த மூன்று வரிகளைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. நண்பர்களிடம் சொன்னபோதெல்லாம் "ஒரு பக் இருந்துச்சு, சரி பண்ணிட்டேன்" என்று முடித்துவிடுவேன். நடந்தது அவ்வளவுதான் என்றால் இதை எழுத வேண்டிய தேவையே இல்லை.

2018-ல் கல்லூரி முடித்து சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். மொத்தமே பதினோரு பேர். தனியார் பால் நிறுவனங்களுக்குக் கொள்முதல் மென்பொருள் எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. பால் கொள்முதல் நிலையத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். விடிவதற்கு முன்பே தூக்குவாளியும் கேனுமாக வரிசை நிற்கும். பால் ஊற்றுபவர் தன் எண்ணைச் சொல்வார். பாலை எடை போடுவார்கள். அதிலிருந்து ஒரு சின்ன கப்பில் கொஞ்சம் எடுத்து பரிசோதனை எந்திரத்தின் குழாய்க்கு அடியில் வைப்பார்கள். சற்று நேரத்தில் எந்திரம் இரண்டு எண்களைச் சொல்லும். ஒன்று கொழுப்பு, எல்லாரும் 'ஃபேட்' என்பார்கள். இன்னொன்று கொழுப்பு நீங்கலான திடப்பொருள், 'எஸ்.என்.எஃப்.'. இந்த இரண்டையும் வைத்துத்தான் லிட்டருக்கு என்ன விலை என்பது முடிவாகும். ஒரு சின்ன சீட்டு அச்சாகி வரும். பத்து நாளுக்கு ஒருமுறை பட்டுவாடா.

பசும்பாலில் கொழுப்பு நாலையொட்டி இருக்கும். எருமைப் பாலில் ஆறு, ஏழு என்று போகும். தண்ணீர் கலந்தால் இரண்டு எண்களுமே இறங்கும். அதாவது அந்தச் சீட்டில் இருப்பது விலை மட்டும் இல்லை. ஊற்றியவர் யோக்கியமானவரா என்பதையும் அது சொல்லிவிடுகிறது. வேலையில் சேர்ந்தபோது எனக்கு இது புரிந்திருக்கவில்லை. எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, எந்திரத்திலிருந்து சீரியல் கேபிள் வழியாக வரும் எண்களை வாங்கி மேலே அனுப்புவது. சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதினேன். ஒரு சின்ன லினக்ஸ் பெட்டியில் அது ஓடும்.

முதல் டெமோவில் நிரல் செத்தது. பால் நிறுவனத்துக்காரர்கள் நாலு பேர் சுற்றி நிற்க, யாரோ கால் பட்டு கேபிள் கழன்றது. திரையில் இருந்த எங்கள் அழகான பச்சை நிறப் பக்கம் மறைந்து, கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வந்தன. 'டெர்மினேட் கால்டு ஆஃப்டர் த்ரோயிங் ஆன் இன்ஸ்டன்ஸ் ஆஃப்' என்று தொடங்கும் அந்த வரியை சி பிளஸ் பிளஸ் எழுதுகிற எல்லாருக்கும் தெரியும். எங்கள் மேனேஜர் சிரித்துச் சமாளித்தார். திரும்பி வரும் காரில் சிரிக்கவில்லை.

"என்ன வேணா ஆகட்டும்மா. கஸ்டமர் முன்னாடி சாகக் கூடாது."

அன்று இரவே அந்த மூன்று வரிகளை எழுதினேன்.

*

எக்செப்ஷன் என்றால் என்ன என்று என் தம்பிக்கு ஒருமுறை இப்படிச் சொன்னேன். ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடுகிறது, அது இன்னொன்றை. இப்படி ஏணி மாதிரி இறங்கி, அடிப்படியில் நிற்கும் ஃபங்ஷனுக்குத் தன்னால் தீர்க்க முடியாத சிக்கல் வருகிறது. கேபிளில் பதில் வரவில்லை, அல்லது வந்த எண் சிதைந்திருக்கிறது. அது கையிலிருக்கும் சிக்கலை மேல்நோக்கி எறிகிறது. எறிவதற்குப் பேர் 'த்ரோ'. மேலே ஏதாவது ஒரு படியில் 'கேட்ச்' என்று கையேந்தி யாராவது நின்றால் அங்கே பிடிபடும். மேலே 'மெயின்' வரைக்கும் ஒருவரும் பிடிக்கவில்லை என்றால்?

அப்போது மொழியின் லைப்ரரி உள்ளே வருகிறது. சி பிளஸ் பிளஸ்ஸில் அதன் பேர் 'டெர்மினேட்'. வேறு ஏதும் சொல்லி வைக்காவிட்டால் அது 'அபார்ட்' என்பதைக் கூப்பிடும். நிரல் அந்த இடத்திலேயே நிற்கும். 'எக்ஸிட்' என்று இன்னொரு வழி உண்டு. அது வீட்டைப் பூட்டிவிட்டுப் போவது. 'அட்எக்ஸிட்'டில் பதிந்து வைத்த வேலைகளை முடிக்கும், எழுதாமல் தேங்கியிருக்கும் எழுத்துகளை ஃபைலில் தள்ளும். அபார்ட் அப்படி இல்லை. போட்டது போட்டபடி. இயங்குதளத்திடம் ஆறாம் எண் சிக்னலைக் கொடுத்துவிட்டு விழும். ஷெல்லில் பார்த்தால் 134 என்று தெரியும். 128-உடன் ஆறு.

பார்க்கக் கொடூரமாகத்தான் இருக்கும். ஆனால் அதில் ஒரு நன்மை இருப்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பிடிக்க யாருமே இல்லாத எக்செப்ஷனுக்கு, ஏணியைப் படிப்படியாகக் கலைத்துவிட்டுச் சாவதா, கலைக்காமல் சாவதா என்பதை ஒவ்வொரு கம்பைலரின் முடிவுக்கே தரநிலை விட்டிருக்கிறது. லினக்ஸில் நாங்கள் பயன்படுத்தும் ஜிசிசி பொதுவாகக் கலைப்பதில்லை. அதனால் நிரல் செத்த நொடியின் நினைவகம் அப்படியே 'கோர் டம்ப்' ஃபைலாகக் கிடைக்கும்படி செய்யலாம். எங்கே எறியப்பட்டது, அப்போது எந்த ஃபங்ஷனில் என்ன எண் இருந்தது, எல்லாம் அதில் இருக்கும். போலீஸ் வரும்வரை யாரும் எதையும் தொடாத வீடு மாதிரி.

நான் எழுதியது இதற்கு நேர் எதிர். 'கேட்ச்' என்று எழுதி, அடைப்புக்குள் மூன்று புள்ளி வைத்தால், எது வந்தாலும் பிடி என்று அர்த்தம். அடுத்த வரி காலி. மூன்றாவது வரியில் அடைப்பை மூடினேன். அவ்வளவுதான். பிடித்ததை என்ன செய்வது என்று எதுவும் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை, ஒரு லாக் வரி கூட இல்லை. விழுங்கிவிட்டேன்.

அதற்குக் கீழே, கடைசியாகக் கிடைத்த அளவைத் திருப்பி அனுப்பும் வரி ஏற்கெனவே இருந்தது. எந்திரம் பதில் சொன்னால் அந்த அளவு புதிதாகும். பதில் சொல்லாவிட்டால் பழையதே இருக்கும். பழையது என்பது வரிசையில் முன்னால் நின்றவருடைய பாலின் அளவு.

அலுவலகத்தில் கேபிளைப் பத்து முறை பிடுங்கிப் பார்த்தோம். நிரல் சாகவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். சாகவில்லை என்பதை மட்டுமே சோதித்தோம். உயிரோடு இருந்துகொண்டு அது என்ன சொல்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

*

ஒன்பது மாதம் ஓடியது. அதற்குப் பிறகு ஈரோடு மாவட்டத்தில் ஒரு நிலையத்திலிருந்து புகார். ஒரு அம்மா தினமும் வந்து சண்டை போடுகிறார், மிஷினைப் பார்க்க ஆள் அனுப்புங்கள் என்றார்கள். கேபிள் பழுதாக இருக்கும் என்று நினைத்து என்னை அனுப்பினார்கள்.

நான் போய் இறங்கியபோது அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். மடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு.

"ஏனம்மிணி, நீதான் அந்தப் பொட்டிக்குக் கணக்குச் சொல்லிக்குடுத்த புள்ளையா?"

ஆமாம் என்றேன்.

"என்ற எருமை ஆறுக்குக் கீழ எறங்குனதே இல்ல அம்மிணி. வெறுஞ் சோளத்தட்டு தின்னாலுஞ் சரி. இப்ப நாலுங்குது, மூணே முக்காலுங்குது. கேட்டா தண்ணி கலக்கறேன்னு சொல்லிப்போட்டான் இவன். பத்துப் பேரு நிக்கறப்ப."

நிலையத்துப் பையன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். முப்பது வயதிருக்கும். "நான் என்ன மேடம் பண்றது, மிஷின் சொல்றதத்தான சொன்னேன்" என்றான். அவன் சொன்னதும் உண்மைதான்.

அந்த அம்மா நோட்டைப் பிரித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் சோற்றுப் பருக்கை வைத்துச் சீட்டுகளை ஒட்டியிருந்தார். இரண்டிரண்டாக. இடது பக்கம் அவருடையது. வலது பக்கம் வரிசையில் அவருக்கு முன்னால் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரருடையது. கெஞ்சிக் கேட்டு வாங்கி ஒட்டியிருக்கிறார்.

"படிக்கத் தெரியாது எனக்கு. நம்பரு தெரியும். பாரு. ரெண்டு பேருக்கும் ஒரே நம்பரு. புள்ளிக்கு அப்பறம் இருக்கறதும் ஒரே நம்பரு. என்ற எருமையும் அவிய மாடும் என்ன அக்கா தங்கச்சியா?"

எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தது என்பதைவிட, வயிற்றில் ஏதோ இறங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். பையனிடம் கேட்டேன், காலையில் கரண்ட் எப்படி? விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் விடும் நேரத்தில் சுற்றியிருக்கும் தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓடத் தொடங்கும், அப்போது வோல்டேஜ் இறங்கும், எந்திரம் ஒருமுறை அணைந்து வரும் என்றான். அந்த நேரத்தில்தான் இவர் வழக்கமாக வருவார். எருமையைக் கறந்துவிட்டு, பேத்தியைப் பள்ளிக்குக் கிளப்பிவிட்டு.

எந்திரம் அணைந்திருக்கிறது. என் ஃபங்ஷன் பதில் வரவில்லை என்று சரியாகவே எறிந்திருக்கிறது. நான் எழுதிய மூன்று வரி அதைப் பிடித்து விழுங்கியிருக்கிறது. பிறகு முன்னால் நின்றவரின் பசும்பால் அளவை இவர் பேரில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறது.

அன்று நான் அவரிடம் சொன்னது: "பாத்து சரி பண்ணிடறேன்மா." அவ்வளவுதான். அதற்கு மேல் வாய் வரவில்லை.

*

சென்னை திரும்பி டேட்டாபேஸைத் தோண்டினேன். அடுத்தடுத்து நின்ற இரண்டு பேருக்கு, இரண்டு எண்களும் தசமப் புள்ளி வரை ஒன்றாக இருக்கும் இடங்களை மட்டும் எடுத்தேன். அந்த ஒரு ஊரில் மட்டும் இல்லை. வோல்டேஜ் ஆடும் ஊர்களில் எல்லாம் இருந்தது. எருமைக்குப் பின்னால் நின்ற சில பசுமாட்டுக்காரர்களுக்கு அதிகக் காசு போயிருந்தது. அவர்களில் ஒருவரும் நோட்டுப் போட்டுக்கொண்டு வரவில்லை. வருவார்களா?

மோசமானது அதற்குப் பிறகு. யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கணக்குப் போட உட்கார்ந்தால், போட முடியவில்லை. அன்று அந்தப் பாலின் உண்மையான கொழுப்பு எவ்வளவு? எங்கும் பதிவாகவில்லை. அளக்கப்படவே இல்லை. அளக்கவில்லை என்ற செய்தியாவது இருந்ததா என்றால், அதைத்தான் நான் விழுங்கியிருந்தேன். தற்செயலாக இரண்டு பேர் பாலுக்கும் ஒரே எண் வந்த இடமும் அதில் இருக்கலாம். எது தற்செயல், எது என் பிழை என்று பிரிக்க வழியில்லை. நிரல் செத்திருந்தால் அந்த ஒரு காலை மட்டும் வீணாகியிருக்கும். பையன் திட்டிக்கொண்டே பெட்டியை அணைத்துப் போட்டிருப்பான், எங்களுக்கு போன் வந்திருக்கும், கோர் டம்ப்பில் எல்லாம் கிடைத்திருக்கும். நான் அதைச் சாக விடவில்லை. அதனால் ஒன்பது மாதத்துக்கு எது உண்மை என்றே தெரியாமல் போனது.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. சம்பளத்தைத் தேதி தவறாமல் போடுவதற்காகத் தன் வீட்டை அடமானம் வைத்த மனுஷர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"அடுத்த வெர்ஷன்ல சத்தமில்லாம சரி பண்ணிடு. இப்பப் போய் சொன்னா கான்ட்ராக்டே போயிடும். யாரும் கவனிக்கலல்ல?"

நான் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். திரையில் என் மூன்று வரிகள். பிடி, ஒன்றும் செய்யாதே, மூடு.

*

கோபத்தில் அன்று மாலை நிரலில் இருந்த எல்லா கேட்சையும் அழிக்கத் தொடங்கினேன். எங்கள் குழுவின் மூத்தவர், நாங்கள் அண்ணா என்று கூப்பிடுகிறவர், பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"என்ன பண்ற?"

"இனிமே கேட்சே எழுத மாட்டேண்ணா. தப்புன்னா செத்துப் போகட்டும்."

அவர் ஒன்றும் வாதாடவில்லை. ஒரு விசாரணை அறிக்கையின் இணைப்பை அனுப்பினார். ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம் பற்றியது. அன்று இரவு விடுதி அறையில் அதைப் படித்து முடித்தேன்.

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவில், பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளம். கிளம்பி நாற்பது நொடிகூட ஆகவில்லை. ராக்கெட் பாதையிலிருந்து திரும்பி, உடைந்து, வெடித்தது. உள்ளே கிளஸ்டர் என்ற அறிவியல் திட்டத்தின் நாலு செயற்கைக்கோள்கள். பிரெஞ்சுக் கணிதவியலாளர் ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான குழு அடுத்த மாதமே அறிக்கை கொடுத்தது. ராக்கெட் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கணக்கிடும் கருவியில், 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடம். 16 பிட்டில் 32,767-க்கு மேல் கொள்ளாது. வந்த எண் அதைவிடப் பெரியது. எக்செப்ஷன். பிடிக்க யாரும் இல்லை.

படிக்கப் படிக்க எனக்கு முதுகு சில்லிட்டது. அந்தப் பகுதி முந்தைய ஏரியன் 4-லிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாகாது. ஆபத்துள்ள ஏழு மாறிகளில் நாலுக்குப் பாதுகாப்பு போட்டிருந்தார்கள். மூன்றை விட்டிருந்தார்கள். கணினியின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு இருந்ததால், யோசித்தே விட்டது. இதில் இன்னொரு கொடுமை, ஏரியன் 5 தரையைவிட்டுக் கிளம்பிய பிறகு அந்தக் கணக்குக்கு எந்த உபயோகமும் இல்லை. தேவையில்லாத ஒரு வேலை சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் அண்ணா காட்ட நினைத்தது அடுத்த பகுதியை. எக்செப்ஷன் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கருவிக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். பிழையை அறிவி, விவரத்தைச் சேமி, பிராசசரை நிறுத்து. அதாவது ஒழுங்காகச் செத்துப் போ. கருவி கெட்டுப்போனால் மாற்றுக் கருவி ஒன்று இருக்கிறதே என்ற நினைப்பு. ஒரு சில்லு தற்செயலாகப் பழுதானால் அது சரியான ஏற்பாடு. இங்கே பழுது சில்லில் இல்லை, நிரலில். மாற்றுக் கருவியில் ஓடியதும் அதே நிரல். அதுவும் அதே காரணத்தால், முதன்மைக் கருவிக்கு ஒரு நொடியின் சிறு துளிக்கு முன்பே நின்றுவிட்டது. முதன்மைக் கருவி நின்றபோது அனுப்பிய பிழை விவரத்தை, ராக்கெட்டின் மையக் கணினி நிஜமான பறத்தல் அளவு என்று எடுத்துக்கொண்டு எஞ்சினின் வாயைத் திருப்பியது.

என் நிரல் சாக வேண்டிய இடத்தில் சாகாமல் பொய் சொன்னது. அந்தக் கருவி சாகக் கூடாத இடத்தில் செத்தது. ஆனால் இரண்டிலும் கடைசியில் நடந்தது ஒன்றுதான். அளவே இல்லாத ஒன்றை அடுத்த ஆள் அளவு என்று நம்பினார்.

மறுநாள் அண்ணா டீக்கடையில் சொன்னது: "கேட்ச் எழுதறது தப்பில்ல. பிடிச்சா அதுக்கு உன்கிட்ட ஒரு பதில் இருக்கணும். இல்லன்னா மேல போக விடு. மேலயும் ஆள் இல்லன்னா சாக விடு. ஆனா சாகறப்ப யாருக்குச் சொல்லிட்டுச் சாகணும், அப்புறம் யார் பாத்துக்குவாங்கன்னு முன்னாடியே முடிவு பண்ணி வை."

*

அதன் பிறகு மற்ற மொழிகளின் லைப்ரரிகள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று தேடிப் படித்தேன். ஒரு வேடிக்கை தெரிந்தது. என்னைப் போலவே பெரிய ஆட்களும் முதலில் விழுங்கித்தான் பார்த்திருக்கிறார்கள்.

மைக்ரோசாஃப்டின் டாட் நெட் முதல் பதிப்புகளில், பின்னணித் திரெட் ஒன்றில் பிடிபடாத எக்செப்ஷன் வந்தால் பெரும்பாலும் நிரல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். 2005-ல் வந்த 2.0-வில் மாற்றினார்கள், முழு நிரலும் நிற்கும். நோட் ஜேஎஸ்ஸில் யாரும் கவனிக்காத பிராமிஸ் தோல்வி வெறும் எச்சரிக்கை வரியாகப் போய்க்கொண்டிருந்தது. 2020-ல் வந்த 15-ஆம் பதிப்பிலிருந்து அதுவும் நிரலை நிறுத்தும். ஜாவாவில் ஒரு திரெட்டில் பிடிபடாத எக்செப்ஷன் அந்தத் திரெட்டை மட்டும் கொல்லும், மற்றவை ஓடும். அந்தச் சாவைக் கேட்டுக்கொள்ள ஒரு கையை வைத்துக்கொள்ளும் வசதி 2004-ல், ஜாவா 5-ல் வந்தது. சி பிளஸ் பிளஸ்ஸோ, எந்தத் திரெட்டில் பிடிபடாமல் போனாலும் முழு நிரலையும் நிறுத்திவிடும். 'இதிலிருந்து எக்செப்ஷன் வெளியே வராது' என்று 'நோஎக்செப்ட்' போட்டு வாக்குக் கொடுத்த ஃபங்ஷனிலிருந்து வெளியே வந்தாலும் அதே டெர்மினேட்தான். வாக்கு மீறினால் சமாதானமே கிடையாது.

எர்லாங் மொழிக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். எரிக்சனில் தொலைபேசி இணைப்பகங்களுக்காகப் பிறந்த மொழி அது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோ ஆம்ஸ்ட்ராங் காலமெல்லாம் சொல்லிவந்தது, விழ வேண்டியது விழட்டும் என்பதுதான். கேட்க அலட்சியமாகத் தெரியும். ஆனால் அங்கே ஒவ்வொரு சின்ன வேலைக்கும் மேலே ஒரு கண்காணிப்பாளர் இருக்கிறார். கீழே ஒன்று விழுந்தால் அவருக்குச் செய்தி போகும், அவர் புதிதாக ஒன்றைத் தொடங்குவார். விழுந்ததைத் தூக்கிவிட ஆள் இருப்பதால்தான் தைரியமாக விழ முடிகிறது.

என் நிரலை மாற்றி எழுதினேன். பதில் வரவில்லை என்பது எதிர்பார்க்க வேண்டிய சிக்கல், அதனால் அதைப் பேர் சொல்லிப் பிடித்தேன். பழைய அளவை உடனே அழித்தேன். சீட்டில் எண் வராது. 'அளவு எடுக்கவில்லை. மறுபடி ஊற்றவும்' என்று தமிழில் அச்சாகும். பேர் தெரியாத எக்செப்ஷன் எதையும் பிடிக்கவில்லை. அது டெர்மினேட் வரை போகும். டெர்மினேட்டின் இடத்தில் நம்முடைய கையை வைக்க சி பிளஸ் பிளஸ் லைப்ரரியில் 'செட் டெர்மினேட்' இருக்கிறது. வைக்கும் கைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அது திரும்பி வரக் கூடாது, நிரலை முடித்தே ஆக வேண்டும். நான் அதில் நாலு வேலை மட்டும் வைத்தேன். என்ன எறியப்பட்டது, எத்தனை மணிக்கு, வரிசையில் எந்த எண், இந்த மூன்றையும் ஃபைலில் எழுது. பிறகு அபார்ட். சாகும் நேரத்தில் நினைவகமே குழம்பிக் கிடக்கலாம். அப்போது பெரிய வேலை எதையும் நம்பிக் கொடுக்கக் கூடாது. செத்ததைப் பார்த்து மறுபடி தொடங்குவது இயங்குதளத்தின் பொறுப்பு.

*

இதெல்லாம் நிரல். சொல்வது மட்டும் பாக்கி இருந்தது.

மேனேஜரிடம் மறுபடி போனேன். வாடிக்கையாளருக்கு நாமே எழுதிவிடுவோம், இல்லாவிட்டால் நான் எழுதுவேன் என்றேன். அப்படிப் பேசியது எனக்கே பயமாக இருந்தது. அப்பாவுக்கு அந்த வருஷம்தான் கண் ஆபரேஷன். வேலை போனால் என்ன செய்வேன் என்று யோசிக்காமல் இல்லை. இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே கடிதம் எழுதி எனக்கு நகல் போட்டிருந்தார். 'மென்பொருள் பிழை' என்ற சொல் அதில் முதல் வரியிலேயே இருந்தது. கான்ட்ராக்ட் போகவில்லை. விலையைக் குறைத்துக்கொண்டார்கள்.

குறைவாகப் போனதாகச் சந்தேகப்பட்ட இடங்களில், அந்தந்த ஆளின் மற்ற நாட்களின் சராசரியை வைத்து வித்தியாசத்தை அடுத்த பட்டுவாடாவில் சேர்த்தார்கள். அதிகமாகப் போனதைக் கேட்கவில்லை. சராசரி என்பது உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். வேறு வழியும் இல்லை.

புது நிரலைப் போட நானே அந்த ஊருக்குப் போனேன். காலை வரிசை நின்றுகொண்டிருந்தது. அந்த அம்மாவிடம் போய், தப்பு மிஷின் மேல்கூட இல்லை, நான் எழுதியதில், உங்களுக்கு வர வேண்டிய காசு அடுத்த பட்டுவாடாவில் வரும் என்றேன். அவர் தூக்குவாளியைக் கீழே வைத்தார்.

"காசு கெடக்குது அம்மிணி. தண்ணி கலக்கலைன்னு சொல்லச் சொல்லு. அன்னைக்குச் சொன்னானே, அத்தன சத்தமாச் சொல்லச் சொல்லு."

பையன் என்னைப் பார்த்தான். அவன் சொல்ல வேண்டியது இல்லை என்று எனக்குப் பட்டது. நான் வரிசையைப் பார்த்து, என்னால் முடிந்த சத்தத்தில் சொன்னேன். இவங்க பால்ல தண்ணி இல்ல, ஒன்பது மாசமா பொட்டி தப்பாச் சொல்லுச்சு, அதை எழுதினது நான். குரல் நடுங்கியது. வரிசையில் ஒருவர் "அட, அப்படியா" என்றார். இன்னொருவர் தன் முறை வந்ததும் கப்பை நீட்டினார். அவ்வளவுதான் நடந்தது. அந்த அம்மா நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு பாலை ஊற்றினார்.

சில மாதம் கழித்து ஒருநாள் காலை ஆறேகாலுக்கு போன் அடித்தது. நிலையத்துப் பையன்.

"மேடம், பொட்டி இங்கிலீஷ்ல என்னமோ எழுதி நின்னுபோச்சு. இப்பத் தானா வந்துருச்சு. நின்னா சொல்லச் சொன்னீங்கல்ல, அதான்."

அந்த வரி எங்கே இருக்கும் என்று சொல்லி, படிக்கச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். நான் தூக்கக் கலக்கத்தோடு காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். போனுக்குப் பின்னால் தெரிந்த ஒரு குரல் கேட்டது.

"அம்மிணியா? மறுக்கா ஊத்தோணுமான்னு கேளு."

ஆமாம் என்றேன். மறுபடி ஊற்றச் சொல்லுங்கள்.